கழலாத மூடி

"கழல மாட்டேங்கிறியே, பாவி!"

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு சின்ன வெள்ளைப் பாட்டிலோடு மல்லுக்கு நின்றார் சைக்கிள் மெக்கானிக். எழுபத்திரண்டு வயது. துருப்பிடித்த நட்டுகூட அவர் கை பட்டால் கழன்றுவிடும் என்று பேர் வாங்கியவர். இந்தப் பிளாஸ்டிக் மூடியோ கடகடவென்று சுற்றியதே தவிர, திறக்கவில்லை.

நேற்றுதான் ஸ்பேனர் கையிலிருந்து நழுவிக் கால்விரலில் விழுந்திருந்தது. டாக்டரம்மா கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் பதினாறு கிலோவிலேயே நொண்டியது.

"வைட்டமின் டி ரொம்பக் குறைவு. தசையும் தளர்ந்திருக்கு. வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரம். ஆனா மாத்திரை மட்டும் போதாது. உடம்புக்கு வெயில் வேணும், கைக்கு வேலை வேணும். முள் இருபத்தாறைத் தொட்டா, பட்டறையைத் திறங்க."

மெக்கானிக்கின் காதில் ஏறியது மாத்திரை மட்டும்தான். பட்டறைச் சாவி மனைவியின் கைப்பைக்குள் போய்விட்டது. ஒரு மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால், சாவியை மறந்துவிட வேண்டியதுதான்.

"உள்ளே யாரோட சண்டை போடுறீங்க?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"குழாய் மக்கர் பண்ணுது!"

"மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு, ஆச்சு!"

ஆண்டவன் மன்னிப்பாராக என்று முணுமுணுத்தபடி மூடியை வெந்நீரில் முக்கினார். விரல்தான் வெந்தது. கதவிடுக்கில் வைத்து நெரித்தார். கதவின் கீல்தான் கழன்றது.

"காத்து அடிச்சிடுச்சு" என்றார்.

"ஜன்னலே திறக்கலையே?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கு ஓடினார். பெஞ்சில் அவருடைய சிநேகிதர்கள் இருவர்: வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரரும், முடிதிருத்துபவரும்.

"இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? இங்கே கொடுடா!" என்று தபால்காரர் மூச்சைப் பிடித்து முறுக்கினார். மூக்குக்கண்ணாடிதான் பறந்தது. முடிதிருத்துபவர் பல்லால் கடித்து இழுத்தார். பல்செட்டு முழுசாக மூடியோடு வந்துவிட்டது!

"மூடியும் கழலல, மானமும் போச்சு" என்று பொக்கை வாயால் அவர் சொன்னபோது, மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது தினசரிப் போட்டி ஆனது. சுள்ளென்ற வெயிலில், சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆளுக்கு ஐம்பது தடவை மூடியை முறுக்கினார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டமே சேர்ந்தது. வீடு திரும்பியதும் பாட்டிலைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்.

"டேய், சத்தம் குறையுதே?" என்றார் தபால்காரர் ஆறாம் வாரம், பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து.

"நாம போட்ட ஆட்டத்துல மாத்திரை தூளாயிருக்கும்!" என்றார் மெக்கானிக்.

எட்டு வாரம் முடிந்தது. கூடவே வந்த மனைவியின் கைப்பையை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மெக்கானிக் கருவியை அழுத்தினார். இருபது... இருபத்து மூன்று... இருபத்தெட்டு!

"அடேயப்பா! ரத்தத்துலயும் வைட்டமின் டி நல்லா ஏறியிருக்கு. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க!" என்றார் டாக்டரம்மா.

மனைவி சாவியை எடுத்து நீட்டினாள். எட்டு வாரமாகக் காத்திருந்த சாவி. மெக்கானிக்கின் கை பாதி வழியில் நின்றது. பொய்க்குக் கூலியாகக் கிடைத்த சாவியால் எந்தப் பூட்டைத் திறந்து என்ன பிரயோஜனம்?

"அம்மா, நான் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடல." பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "இதைத் திறக்கவே முடியல. எட்டு வாரமா மூணு பேர் முக்கிப் பார்த்துட்டோம்."

"அழுத்திக்கிட்டே திருகணுங்க. குழந்தைங்க திறந்துடக் கூடாதுன்னு இப்படிச் செய்யறாங்க." டாக்டரம்மா உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். டொக்! கவிழ்த்தார்.

ஒரு மாத்திரைகூட விழவில்லை.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். மனைவி சாவியை அவர் கைக்குள் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"ஞாயித்துக்கிழமை பால் ஏன் ஒரு மாதிரி இருக்குன்னு கேப்பீங்களே, அதுல மாத்திரையைப் பொடிச்சுப் போட்டது நான்தாங்க. ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நல்லா மூடி, செருப்பு அலமாரிக்குப் பின்னாலயே திரும்ப வச்சேன். அது திறந்துட்டா, நீங்க எதுக்கு வெயிலுக்குப் போவீங்க?"