சுப்பராயலு கண்டெடுத்த செப்பேடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, மாசி மாதம். என் பெண்டாட்டியைச் சட்டப்படி அடக்குவதென்று தீர்மானம் செய்தேன். சாதாரணச் சட்டமில்லை. ராஜா போட்ட சட்டம்.

விஷயம் இதுதான். வல்லத்தில் என் மாமனார் பச்சைமுத்துவுக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. சித்திரையில் மல்லாட்டை பிடுங்கும் நாள் வந்தால், கெங்கம்மாள் அப்பாவுக்கு ஒத்தாசை என்று கிளம்பிவிடுவாள். ஒரு மாதம் திரும்ப மாட்டாள். திண்டிவனத்தில் நான் தனியாகச் சோறு பொங்குவேன். மேலே கஞ்சி, அடியில் கரி. நடுவில் தேடினால் கொஞ்சம் சோறு.

நான் தமிழ் வாத்தியார். பெருமுக்கல் மலைக் கல்வெட்டையே எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஒரு செப்புத் தகட்டை எடுத்தேன். பழைய எழுத்தில் வாசகம் எழுதினேன்: "இக்குடியிற் புகுந்த பெண்டிர் பிறந்தகத்தில் மூன்று இராவுக்கு மேல் தங்கப் பெறார்." கடைத்தெருவில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டும் வேங்கடேசனிடம் ரகசியமாகக் கொடுத்து வெட்டி வாங்கினேன். பத்து நாள் எருக்குழியில் புதைத்தேன். பச்சைக் களிம்பு பூத்துத் தகடு நேராகச் சோழர் காலத்துக்குப் போய்விட்டது!

பிறகு முருங்கைக் கொம்பு நடுவதுபோல் தோட்டத்தில் குழி வெட்டி, "கெங்கா, ஓடியா!" என்று கத்தினேன்.

ஈரக் கையோடு வந்தாள். "இன்னாங்க, பாம்பா?"

"பாம்பு இல்லடி, செப்பேடு! சோழ ராஜா நம்ம குடும்பத்துக்குப் போட்ட கட்டளை!"

"படிங்க, கேக்குறேன்."

குரல் தழுதழுக்கப் படித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"ராஜாவே சொல்லிட்டாரா? சரிதான். ஆனா எங்கப்பாகிட்ட பேஜாருங்க. நீங்க சொன்னா ஒத்துக்க மாட்டாரு. வெவரம் தெரிஞ்சவரைக் கூட்டியாந்து நெசமா பொய்யான்னு பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் இது பூஜைப் பொட்டியில இருக்கட்டும்."

விழுப்புரத்தில் விருத்தாசலம் ஐயா இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பண்டிதர். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுப்பவர். அவருக்குக் கார்டு போட்டேன். மூன்று வாரம் கழித்து வருவதாகப் பதில் எழுதினார். எனக்குத் துளிப் பயமில்லை. அவருக்கு அனுபவம் அதிகம். எனக்கு அறிவு அதிகம்.

சொன்ன நாளில் ஐயா ரயிலில் வந்தார். மாமனார் வல்லத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கெங்கம்மாள் தகட்டைத் தாம்பாளத்தில் வைத்துப் பவ்வியமாக நீட்டினாள். ஐயா பூதக்கண்ணாடியைப் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சுப்பராயலு, இது போலி."

"ஐயா!"

"அந்தக் காலத்துல மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற வழக்கம் கிடையாது. இங்க பாரும். 'மேல்'னு வர்ற எடத்துல ஒரு புள்ளி!"

இருபது வருஷமாகப் பையன்கள் நோட்டில் விட்டுப்போன புள்ளியெல்லாம் வைத்த கை. அதுவாகவே வைத்திருக்கிறது. மெய்யெழுத்து என் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"திருப்பிப் பாருங்கய்யா," என்றாள் கெங்கம்மாள், கதவோரம் நின்றபடி.

பின்பக்கம் வெறும் தகடுதானே என்று நான் சும்மா இருந்தேன். ஐயா திருப்பினார். அவர் மூக்கு தகட்டில் இடித்தது.

"ஆகா! ஒரு புள்ளிகூட இல்லை!" உரக்கப் படித்தார். "இக்குடி ஆடவர் ஆண்டுதோறும் மாமன் நிலத்து விளைவு களஞ்சேருமளவும் ஆங்கே நின்று உழைக்கக் கடவர். இது மறுத்தான் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் படுவான்."

நான் தகட்டை எட்டிப் பார்த்தேன். ஐயா அதை விரலால் தட்டினார்.

"பாவத்தைச் சொல்லாம எந்த ராஜா சாசனத்தை முடிப்பான்? பின்பக்கம் அசல். முன்பக்கம் எவனோ திருட்டுப்பயல் பிற்பாடு வெட்டினது!"

மாமனார் தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ராஜா வாக்கு, மாப்ளே! எப்ப வர்றீங்க?"

நான் என்ன சொல்வேன்? பின்பக்கம் பொய் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். அந்தத் திருட்டுப்பயலே நான்தான் என்று எப்படிச் சொல்வது?

சமையற்கட்டுக்குள் பாய்ந்தேன். "ஏண்டி, பழைய எழுத்து உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேசை மேல இருக்கிற புஸ்தகத்துல வரிசையாப் போட்டிருக்குதே. அந்தப் பசுமாட்டுப் பாவம்கூட அதுலருந்துதான் எடுத்தேன்."

"புள்ளி?"

"நான் என்னிக்குங்க புள்ளி வச்சு எழுதினேன்? கடுதாசி போட்டா அதுக்குத்தானே திட்டுவீங்க."

"வெட்டினது யாரு?"

"வேங்கடேசன். பால் சொம்புல பேரு வெட்டப் போனேன். 'வாத்தியார் குடுத்த தகடு நல்லா வந்துச்சாம்மா'ன்னு அவனே கேட்டான்."

"களிம்பு?"

"எருக்குழி உங்களுக்கு மட்டுமா சொந்தம்?"

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். நான் வல்லத்துக் கொல்லையில் குனிந்தேன். நாலாம் நாள் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. மெல்ல நிமிர்ந்து பார்த்தேன். கெங்கம்மாள் புங்கமர நிழலில் உட்கார்ந்து, செடியிலிருந்து மல்லாட்டையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கெங்கா, ஒரே ஒரு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்துடறேனே?"

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தாராளமாப் போங்க. தகட்டுல கீழே இன்னும் ரெண்டு வரிக்கு எடம் கெடக்குதுங்க."

அடுத்த செடியைப் பிடுங்கினேன்.