இரண்டு கன்னம்

டேபிள் டென்னிஸ் மட்டையை நான் பிடித்ததெல்லாம் மகளின் பையில் எடுத்து வைப்பதற்காக மட்டுமே. படிப்பு எட்டாம் வகுப்பு. தொழில், பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. இந்தத் தகுதிகளோடுதான் அந்த ஆட்டத்தை ஆராயப் புறப்பட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மகள் பிரியாவுக்குக் கொடைக்கானலில் ஆட்டம். ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். மூன்று வருடமாக அவள் வெள்ளனே எழுந்து பயிற்சிக்கு ஓடியது அதற்காகத்தான். எதிரே ஆடப்போகும் பெண்ணின் பழைய ஆட்டங்கள் செல்போனில் கிடைத்தன. கடையில் கூட்டமில்லாதபோது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்து எந்த மூலையில் விழுகிறது, எழும்பும்போதே அடிக்கிறாளா, இறங்கவிட்டு அடிக்கிறாளா என்று பஞ்சாமிர்த டப்பாவின் அட்டையில் குறித்தேன். ஒரு வாரத்தில் பிடிபட்டது. சர்வீஸ் போடும்முன் அவள் முழங்கையை வெளியே நீட்டினால் பந்து நம் இடது மூலைக்கு. உடம்போடு ஒட்டிவைத்தால் வலது மூலைக்கு. முழங்காலை நன்றாக மடக்கினால் பந்து மெதுவாக வரும்.

சைகையும் நானே அமைத்தேன். வலது கன்னத்தைத் தொட்டால் வலது மூலை, இடது கன்னம் இடது மூலை. இரண்டையும் தொட்டால், மெதுவான பந்து, இறங்கவிட்டு அடி. (இது முறையா என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. முருகனுக்குத் தோன்றியிருக்கிறது.)

"சரியா வருமாப்பா?"

"எல்லாம் அட்டையில கெடக்கு தாயி. நீ என் மூஞ்சிய மட்டும் பாரு."

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு ஹால். ஜன்னல் முழுக்க வெள்ளைப் பனிமூட்டம். என் கன்னங்கள் நன்றாகவே வேலை செய்தன.

"என்னங்க, கொசுவா? கொடைக்கானல்ல ஏதுங்க கொசு?" என்றாள் மனைவி.

கடைசி செட், ஒன்பதுக்கு ஒன்பது. அந்தப் பெண் பந்தை உள்ளங்கையில் வைத்தாள். அந்த நொடியில் ஜன்னலில் பனி விலகியது. வெகு கீழே, வெயிலில், பழனி மலை.

பழனிக்காரன் கை யாரையும் கேட்காது. "முருகா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன்.

பிரியா காத்திருந்தாள். பந்து விர்ரென்று அவள் மட்டையைத் தாண்டிப் போய்விட்டது.

கண் திறந்து ஸ்கோரைப் பார்த்ததும் செய்த காரியம் உறைத்தது. சாமி முன்னால் தப்புச் செய்தவன் என்ன செய்வான்? "அப்பனே, மன்னிச்சிரு" என்று மறுபடி போட்டுக்கொண்டேன். இந்த முறை சத்தம் கேட்கும்படி, இரண்டு கன்னத்திலும்.

பிரியா மறுபடியும் காத்திருந்தாள். ஆட்டம் முடிந்தது.

திரும்பும் பஸ் மலைப்பாதையில் வடகவுஞ்சியைத் தாண்டியது. பிரியா கேட்டாள். "ரெண்டு வாட்டியும் மெதுவா வருதுன்னுதானேப்பா சொன்னீங்க?"

நடந்ததைச் சொன்னேன். மனைவி பெருமூச்சு விட்டாள். "சாமி சும்மா எட்டிப் பாத்தாரு. நீங்க அவரையும் ஆட்டத்துல சேத்துவிட்டீங்க."

பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். வெறும் அழுகையாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வருடம் சைகை எதுவும் இல்லாமல் அவளே ஆடி அணியில் சேர்ந்தாள். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் மனைவி என் ஒரு கையில் தூக்குச்சட்டியையும் மறுகையில் பிளாஸ்க்கையும் கொடுத்துவிடுவாள். முடியும்வரை திருப்பி வாங்கமாட்டாள்.

மலைக்கோயிலில் மட்டும்தான் என் கைகளுக்கு விடுதலை. அங்கும் தீபாராதனை காட்டும்போது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டால், பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வரும்.

"மெதுவா வருதாப்பா?"