எழுந்து போகாத ஒருவர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் உடம்பு, வாசல் தாழ்ப்பாள், சமையல் எரிவாயு மூன்றும் நலம். நீ கேட்கும் வரிசையிலேயே தெரிவித்திருக்கிறேன். உங்கள் நலத்தையும் அப்படியே ஒவ்வொன்றாக எழுதவும். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் ஆள் இருந்தார்.

உன் அம்மா போன பிறகு இங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று நீ சொன்னபடி, வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வியாழக்கிழமை ரயிலில் உன்னிடம் வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன் அல்லவா? அதற்கு முன் புத்தகங்களை ஒழிக்க வேண்டும். நாற்பது ஆண்டு நூலகத்தில் அட்டவணை எழுதியவனுக்கு அவற்றை எடைக்குப் போட மனம் வரவில்லை. மாடி வீட்டு மருமகளிடம் சொன்னேன். "லைவ் போடுங்க அங்கிள். நடுவுல கொஞ்ச வருஷம் யாரும் சீண்டல, இப்ப மறுபடி எல்லாரும் அதுலதான் கிடக்கிறாங்க. ஒவ்வொரு புக்கா காட்டுங்க, வேணுங்கிறவங்க வாங்கிப்பாங்க" என்று, நேரலையில் பேசுகிற அந்த ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சார்ஜர் ஒயர் எட்டுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு, சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்து உட்கார்ந்தேன். பார்ப்பவர்கள் பதினோரு பேர் என்று திரை மூலையில் வந்தது. மூன்றாவது புத்தகத்துக்குள் பத்துப் பேர் போய்விட்டார்கள். குறை என்மேல்தான், முன்னுரைகளையும் படித்தேன். ஆனால் ஒருவர் போகவில்லை. வந்தவர் இருக்கும்போது நாம் எழுந்து போவது எப்படி? "உங்களுக்கும் வேலை இருக்குமே" என்று நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டேன். தட்டைக் காட்டி, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். திரை மூலையில் ஒன்று என்ற எண் அப்படியே நின்றது. இரண்டு இரவும் நாற்காலியிலேயே தூங்கினேன்.

அதைவிட இன்னொன்று. அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் தப்பாக ஏதாவது சொன்னால் மட்டும், திரையின் அடியிலிருந்து ஒரு சிவப்பு இதயம் கிளம்பி மெதுவாக மேலே போய் மறைந்தது. பதிப்பு ஆண்டைச் சொன்னேன், இதயம். புரட்டினால் தப்புதான். முதுகு வலிக்கவில்லை என்றேன், இதயம். நேற்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் காட்டி, "இதை எங்க வீட்டம்மா தொட்டதே இல்லை" என்றேன். இதயம். பிரித்தால் தொண்ணூறாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு, உன் அம்மா மடிப்பாளே, அந்த மாதிரி நான்காக மடித்து. அதற்குப் பிறகு என் பேச்சில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

இன்று காலை மாடி வீட்டு மருமகள் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த ஒண்ணு நீங்கதான் அங்கிள். இந்த ஆப் உங்களையும் சேர்த்து எண்ணும். நீங்களே வந்து உக்காந்துக்கிட்டு, நீங்களே போக மாட்டேங்கிறீங்க."

"அப்ப அந்த இதயம்?"

"உங்க கட்டைவிரல் பட்டிருக்கும். முழுசா ஆஃப் பண்ணிட்டேன், போய்ப் படுங்க."

எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பார். மூன்று நாள் என்னையே உபசரித்திருக்கிறேன். ஆகவே அடுத்த வியாழன் தவறாமல் வருகிறேன். புத்தகங்களை எடைக்கு வாங்கும் கடைக்காரரே எடுத்துக்கொள்ளட்டும். இந்த வீட்டில் இனி எனக்கென்று யாரும் இல்லை. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பிவை. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நெடுநாள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையில் போடுமுன் வாய்விட்டு ஒருமுறை படித்துச் சரிபார்ப்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். "யாரும் இல்லை" என்ற இடம் வந்தபோது, மேசைமேல் அணைந்து கிடந்த போனின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு சிவப்பு இதயம் கிளம்பி மேலே போயிற்று. கட்டைவிரல் படவில்லை. இரண்டு கையாலும் கடிதத்தைப் பிடித்திருந்தேன். தப்பு என்று தெரிந்த பிறகு திருத்தாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறேன்.