வெல்லத்துக்கு ஒரு மூலை

நாய்க்கு நல்ல புத்தி சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிறவர்கள், தங்களிடம் அது எவ்வளவு கைவசம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. நான் பார்க்கவில்லை.

வெல்லம் என்பது எங்கள் வீட்டு நாய். பாகூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. குட்டியாக வந்தபோது அதன் நிறத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர். குணமும் பெயருக்கேற்றபடிதான் இருந்தது, நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க ஆரம்பிக்கும் வரை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். வெல்லம் வந்து பார்க்கும், பெருமூச்சு விடும், தோட்டத்துக்குப் போய் ஒரு பள்ளம் தோண்டும். கனகாம்பரம் போயிற்று. மல்லிகைப் பதியன் போயிற்று. ஒருநாள் தண்ணீர்க் குழாயையே வெளியே எடுத்துவிட்டது (குழாய் அந்த வழியாகத்தான் போகிறது என்று அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது).

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்தது.

“கல்யாண வூட்டுல நாயி பள்ளம் தோண்டுனா ஆவாதுடி,” என்றாள் அம்மா. “இன்னொரு பள்ளத்தப் பாத்தன், கிருமாம்பாக்கத்துல உங்க சித்தப்பா மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பிடுவன். அங்க போயி எவ்ளோ வேணா தோண்டட்டும்.”

அந்தக் கொட்டாயில் பேச்சுத் துணைக்கு ஈ காக்கை கிடையாது. நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. பள்ளத்தில் மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தேன். வெல்லம் ஒரு தும்மல் போட்டுவிட்டு அடுத்த பள்ளத்துக்குப் போய்விட்டது. துணி காயப்போட வந்த அம்மாதான் பொழுது சாயும் வரை தும்மினாள்.

பிறகுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. நாய் தோண்டுவது திமிரால் அல்ல, பொழுது போகாததால் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா விளக்கினார். அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்குங்கள், மணலைக் கொட்டுங்கள், அதற்குப் பிடித்ததை உள்ளே புதையுங்கள், அங்கே தோண்டினால் பாராட்டுங்கள். அவர் புதைத்தது ரப்பர் எலும்பு. நான் வாளைக் கருவாடு.

குளியலறை வேலைக்கு இறக்கிய மணல் வீட்டிலேயே இருந்தது. தோட்டத்தில் செடி கொடி, விறகு, உடைந்த பக்கெட் என எதுவும் இல்லாமல் சுத்தமாகக் கிடந்த ஒரே மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்த மூலையில் மட்டும் ஏன் யாரும் எதையும் போடுவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திட்டம் அபார வெற்றி. வெல்லம் காலையில் மூலைக்குப் போகும், தோண்டும், தின்னும், நான் கைதட்டுவேன். மற்ற இடமெல்லாம் பிழைத்தது. “பரவால்லியே, நீ படிச்ச படிப்பு நாய்க்காவது ஒதவுது,” என்று அம்மாவே பாராட்டினாள்.

பந்தக்கால் நடும் நாள் வந்தது. விடியற்காலை வழக்கம்போல் கருவாட்டைப் புதைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கூட்டம் வருகிறதே என்று வெல்லத்தை அப்பா கட்டிவைத்தார். நான் வெளியே வந்தபோது தாய்மாமன் கடப்பாரையோடு என் மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, அந்தப் பக்கமா நட்டா இன்னா?”

“ஈசானி மூலைய வுட்டுட்டு கக்கூஸ் பக்கமா நடச் சொல்றியா?”

மஞ்சள் குங்குமத்தோடு சுமங்கலிகள் சுற்றி நிற்கிறார்கள். கீழே கருவாடு இருக்கிறது என்று வாயைத் திறந்தால், வெல்லம் அன்றைக்கே கொட்டாய்க்குப் போய்விடும். நான் கல்யாணப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன் (வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்).

“மண்ணு இன்னா இப்டி பொலபொலன்னு வருது! ராசியான பொண்ணுபா,” என்றார் மாமா. கருவாடு கடப்பாரைக்குத் தப்பியது. வாசனை தப்பவில்லை. அம்மா மூக்கைச் சுளித்து, பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக் கத்தினாள்: “நல்ல நாளும் அதுவுமா யாருடி அது கருவாடு வறுக்கறது?” பாவம், அவர்கள் வீட்டில் அன்று இட்லி.

பால் ஊற்றி, நவதானியம் போட்டு, மாவிலை கட்டிய பந்தக்கால் நின்றது. நான் மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அரியாங்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஜாக்கெட் தைக்க முகூர்த்தப் புடவையைக் கொடுத்துவிட்டுப் போகும் வேலை. முனகிக்கொண்டிருந்த வெல்லத்தைப் பார்த்து, “கட்டிப்போட்டிருக்கீங்களே, கடிக்குமா?” என்று கேட்டார்.

வருங்கால மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க இதைவிடச் சந்தர்ப்பம் ஏது? “ஐயோ இல்லத்த! நானே பழக்குனது. ரொம்ப ஒழுங்கு,” என்று அவிழ்த்துவிட்டேன்.

ஒழுங்குதான். இம்மி பிசகவில்லை. நேராகத் தன் மூலைக்குப் போய் வேலையைத் தொடங்கியது. அப்பா ஓடினார், மாமா ஓடினார், பந்தக்கால் சாய்ந்து, மாவிலையோடு மண்ணில் படுத்தது. வெல்லம் வாயில் வாளைத் துண்டோடு வந்து, கைதட்டலுக்காக என் முன்னால் உட்கார்ந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் நின்றே விட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் குனிந்து பார்த்தார்.

“வாளைதானே? எங்க வாங்குனீங்க சம்பந்தி? எங்க பக்கம் இவ்ளோ சதையா கெடைக்கறதே இல்ல.”

பிறகு நிமிர்ந்து பந்தக்காலைப் பார்த்தார். அவரே சொன்னார்: “விழுந்தா திரும்ப நட்டுட்டு போறது. இன்னும் நல்ல நேரம் இருக்குதே.”

மாமா மறுபடி நட்டார், இந்தமுறை கருங்கல் வைத்து இறுக்கி. தரையிலிருந்து எழுந்ததும் அம்மா முதலில் சொன்னது, “இந்த நாயி இனிமே இந்த வூட்ல இருக்கக்கூடாது!”

“அப்ப பொண்ணோட எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க,” என்றார் அத்தை.

அப்படித்தான் என் சீர்வரிசையில் கட்டில், பீரோவுக்குப் பின்னால் வெல்லமும் டெம்போ ஏறி வந்தது. அத்தை மேல் எனக்கு உயிர்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பந்தக்கால் என்றாலும், மாமா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, “கருவாடு போட்டாச்சா?” என்று கேட்பார். போன மாதம் சித்தப்பா பையன் கல்யாணத்திலும் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. அவள் யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய், நான் கூட்டிவந்திருந்த வெல்லத்தைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த நெத்திலியை அதன் முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.