விஸ்வேஸ்வரனின் ஹார்மோன் ஞானம்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மேஸ்திரியாக இருக்கும் விஸ்வேஸ்வரனுக்கு வாரத்தில் ஒரே ஒரு சொர்க்கம், ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிக்குப் போய்த் தூண்டில் போடுவது. அந்தச் சொர்க்கத்துக்கு, மனைவி பொன்மணியின் தாடையில் கிளம்பிய நாலு பரு வேட்டு வைத்தது.

"பருவம் போற வயசுல பரு வருதுங்க! ஞாயித்துக்கிழமை வைட்டிலாவுல தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

விஸ்வேஸ்வரன் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். கால் மணி நேரத்தில் நிபுணராக வெளியே வந்தார்.

"இது ஹார்மோன், பொன்மணி. நாப்பத்தஞ்சு வயசுல ஒண்ணு இறங்கும், இன்னொண்ணு ஓங்கும். முகத்துல எண்ணெய் வடியும், பரு முளைக்கும். டாக்டர் எதுக்கு? டென்ஷன் இல்லாம இருந்தா தானா போயிடும்."

"டென்ஷன்தான் காரணமா?"

"டென்ஷனேதான்!"

பொன்மணி முகம் மலர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விஸ்வேஸ்வரன் விசிலடித்தபடி தூண்டிலோடு கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டியதும், பொன்மணி பக்கத்து வீட்டு ஷீஜாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

சாயங்காலம் அவர் திரும்பியதும் சொன்னாள்: "டாக்டரும் ஹார்மோன்னுதான் சொன்னாருங்க. நீங்க லேசுப்பட்ட ஆளில்ல!"

விஸ்வேஸ்வரனின் நெஞ்சு மிளகு மூட்டையாகப் புடைத்தது.

"காலையில அடுப்பைப் பாத்தாலே எனக்கு டென்ஷன். அதனால சாயாவும் புட்டும் இனிமே நீங்க. மத்தி மீன் கழுவறதும் டென்ஷன்தான். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறது இருக்கே, அது பயங்கர டென்ஷன்."

தான் சொன்ன தத்துவத்தைத் தானே எப்படி மறுப்பது? ஒன்றரை மாதம் ஓடியது. அவர் அவித்த புட்டு குழாயிலிருந்து சிமெண்டுத் தூணாக இறங்கியது. மீசையில் மத்திச் செதில் மினுங்கியது. கும்பளங்கி மீன்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்தின. பொன்மணியின் முகம் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது.

மாடியில் துணி உலர்த்தும்போது ஷீஜாவிடம் பீற்றிக்கொண்டார். "பாத்தியா ஷீஜா, என் வைத்தியத்தை?"

"எந்த வைத்தியம் சேட்டா? டாக்டர் தந்த மாத்திரையும் களிம்பும் சேச்சி ஒரு நாள்கூட விடலையே!"

ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே விஸ்வேஸ்வரன் கீழே பாய்ந்தார்.

"பரு களிம்புலயா போச்சு? அப்ப நான் எதுக்குடி மத்தி கழுவினேன்?"

பொன்மணி அவர் போட்ட சாயாவை நிதானமாக ஒரு மிடறு குடித்தாள்.

"பரு களிம்புல போச்சு. டென்ஷன் உங்களாலதான் போச்சு. அது திரும்பி வரணுமா?"

இருபது வருட இல்லற அனுபவம் விஸ்வேஸ்வரனின் கண்முன் ஒரு சுற்று ஓடியது.

"வேண்டாம்" என்றார்.

"அப்ப நாளைக்கு சாயாவுல சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போடுங்க."