நீலகிரிக்கு வெறுங்காலோடு போன கதை

திட்டம் போடுகிறவர்களை நம்பவே நம்பாதீர்கள். நானே திட்டம் போடுகிறவள் என்பதால் சொல்கிறேன். மளிகைக்கடைக்குப் போனால்கூட எந்த அலமாரியில் துவரம்பருப்பு, எதில் சோப்பு என்று வரிசைப்படி எழுதிக்கொண்டு போகிற ஜென்மம் நான். (கடைக்காரர் சாமானை இடம் மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தலைவலி.)

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி எட்டாவது மாதம், வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஜனவரி முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து தினம் பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். என் கணவர் மூர்த்தி, "அப்பா சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அப்பா, அதாவது என் மாமனார், தேரடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். முடியாது என்பதை அவர் ஒருநாளும் முடியாது என்று சொல்ல மாட்டார்.

"நீ போளூர் தாண்டித் தனியா போனதில்ல. தினம் வேலூர் எப்டிம்மா போய்ட்டு வருவ?" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் மூளைக்கு முன்னால் வாய் கிளம்பிவிடும். "வேலூர் என்ன மாமா, ஊட்டிக்கே உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ட்டு பத்திரமா கூட்டிட்டு வரேன். ரெண்டே நாள். வண்டி, வழி, சாப்பாடு, ரூம் எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றேன். பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லாம போய்ட்டு வந்துட்டா, நீ வேலையில சேர்ந்துக்கம்மா."

அவ்வளவுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஊட்டியைத் தாண்டி ஒரு தேசியப் பூங்கா. வரையாடு இருக்கும் இடம். படத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த ஆட்டின் மேல் ஒரு கண். வனத்துறைக்கு மூன்று கடிதம் எழுதி ஐந்து பேருக்கு அனுமதி வாங்கினேன். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குள் கேட்டில் நிற்க வேண்டும், தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவது, சேலத்தில் டிபன், மேட்டுப்பாளையம் இரண்டு மணி, ஊட்டி ஐந்து மணி. இட்லி முப்பத்தாறு, புளிசாதம் ஒரு தூக்கு, வாந்திக்கு எலுமிச்சம்பழம் பத்து. ஸ்வெட்டர் ஐந்து என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று எனக்கு அப்படியொரு கர்வம்.

நான் எழுத மறந்தது ஒன்றே ஒன்று. நான் திண்டிவனத்துப் பெண். எங்கள் ஊரில் மலை கிடையாது. நான் வாழ வந்த வீட்டிலோ மலை என்றால் சாமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி குளித்து, செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் சுற்றுவார்கள். எட்டு லிங்கத்திலும் நின்று கற்பூரம் ஏற்றுவார்கள். மலைமேல் ஏறுவது என்ற பேச்சே அந்தக் குடும்பத்தில் இல்லை.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், வண்டி ஓட்டப் பாஷா பாய். மேட்டுப்பாளையம் வரை எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. (ஒன்று ஐம்பதுக்கே போய்விட்டோம். பத்து நிமிஷம் லாபம் என்று எழுதியும் வைத்தேன்.) ஊரைத் தாண்டினோம். பாக்குத்தோப்புகளுக்கு மேலே வானம் பாதியில் நின்றுபோயிருந்தது. மீதிப் பாதி மலை. அவ்வளவு நீலத்தை, அவ்வளவு உயரத்தில், நான் கண்டதில்லை. எது மலை, எது மேகம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"பாய், நிறுத்துங்க" என்றார் மாமனார். இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கை கூப்பினார். மாமியாரும் அப்படியே. நான் மணி பார்த்தேன்.

"பாய், இந்த மலையைச் சுத்திவர எத்தினி கிலோமீட்டர்?"

பாஷா பாய் தாடையைச் சொறிந்தார். "சுத்தறதுன்னா... சத்தியமங்கலம் போய், மைசூர் பக்கம் ஏறி, கேரளாவுல இறங்கி, பாலக்காடு, கோயம்புத்தூர்னு வரணும். மூணு ஸ்டேட்டுங்க. மூணு நாள் ஆகும். டீசல் ஜாஸ்தி பிடிக்கும்."

"சரி, கிளம்பலாம்" என்றார் மாமனார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. "மாமா, சுத்தப் போகல. மேல ஏறப் போறோம்."

"மேலயா?" என்றார் மாமியார். நான் கோபுரத்தின்மேல் துணி காயப்போடலாம் என்று சொன்னது போல இருந்தது அவர் முகம். "மலை பாக்கப் போறோம்னுதானே சொன்ன?"

"மேல போய்ப் பாக்கறதுதான் அத்தை. தீபத்தன்னிக்கு நம்ம மலையிலயும் ஏறறாங்களே."

"அவங்களுக்குத் தீபம் ஏத்தற வேலை இருக்கு. நமக்கு மேல என்ன வேலை?"

என் வேலை இருந்தது. அதை எப்படிச் சொல்வது? என் கணவரைப் பார்த்தேன். அவர் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு மாமனார் தீர்ப்புச் சொன்னார். ஏறலாம். ஆனால் காலையில் குளித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். செருப்பு அடிவாரத்திலேயே இருக்க வேண்டும். சுற்ற முடியாததற்கு ஈடாக, எட்டு லிங்கக் கணக்கில் எட்டு கொண்டை ஊசி வளைவில் நின்று கற்பூரம் ஏற்ற வேண்டும். ஊட்டி ரூம் போச்சு. அன்றிரவு மேட்டுப்பாளையத்தில் ஒரு லாட்ஜ்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு கிளம்பினோம். நாலு ஜோடி செருப்பும் அடிவாரத்து டீக்கடையில் ஒரு சாக்குப்பைக்குள் போயின. "பாய், உங்களுக்கு பிரேக் இருக்கு, நீங்க போட்டுக்குங்க" என்று மாமனார் அவரை மட்டும் விட்டுவிட்டார்.

முதல் வளைவு இந்திரலிங்கம். இரண்டாவது அக்னிலிங்கம். மூன்றாவதில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நாலாவதில் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்று, "எந்த அம்மன் கோயிலுங்க இது?" என்று கேட்டபடி பதினைந்து பேர் இறங்கி வரிசையில் நின்றார்கள். மாமனார் சளைக்காமல் அத்தனை பேருக்கும் திருநீறு கொடுத்தார். ஆறாவது வாயுலிங்கம். காற்றில் கற்பூரம் நாலு தடவை அணைந்தது. "வாயுன்னா அப்படித்தான்" என்றார் மாமியார். நான் மணி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்பது என்பது அந்த வளைவிலேயே செத்துப்போயிருந்தது.

ஊட்டியைத் தாண்டிப் பூங்கா கேட்டில் போய் நின்றபோது பதினொன்றே கால். புல்லெல்லாம் பனித்தண்ணீர். காலை வைத்ததும் உச்சந்தலை வரை ஏறியது குளிர். (ஸ்வெட்டர் ஐந்து இருந்தது. செருப்புதான் இல்லை.) கேட்டில் இருந்த காவலர் என் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் கால்களைப் பார்த்தார்.

"நேரம் முடிஞ்சிடுச்சுங்க. முடியாட்டியும் இப்படி வெறுங்கால்ல விட முடியாது. அட்டை கடிக்கும்."

நான் அழுதுவிட்டேன். அழகாகவெல்லாம் அழவில்லை, மூக்கு ஒழுக, நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். மூன்று கடிதம், முப்பத்தாறு இட்லி, வேலூர், எல்லாம் போச்சு. குறையில்லாமல் போய் வருவதாவது, குறையைத் தவிர அந்தப் பயணத்தில் வேறு எதுவுமே இல்லை.

அப்போதுதான் மூடுபனி விலகியது. யாரோ மெதுவாகப் போர்வையை இழுத்த மாதிரி. கேட்டுக்கு அந்தப் பக்கம் தரை சட்டென்று முடிந்து, கீழே காடு. காட்டுக்கு அப்பால் மலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வெளிறிய நீலத்தில் இன்னும் இன்னும். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். சத்தமே இல்லை. நான் அழுகிற சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

"இதுல எதும்மா மலை?" என்றார் மாமனார்.

"எல்லாமே மலைதான் மாமா."

"எல்லாமேவா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கூப்பிய கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்க ஒரே மலையைச் சுற்றியவர். அவர் கண்ணில் நீர் கோத்திருந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகவே இருந்தது.

அந்த நேரம் பக்கத்துப் பாறைமேல் அது வந்து நின்றது. கொம்பு பின்னால் வளைந்து, முதுகில் வெள்ளை படர்ந்த கிழட்டு வரையாடு. இருபதடி தூரம். பின்னால் ஒரு பாதாளம் இருப்பதே தெரியாத மாதிரி புல்லை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. மாமியார் என் காதோரம், "பாரு, அதுவும் செருப்பு போடல" என்றார்.

ஆடு போன பிறகு காவலர் எங்களை மறுபடி ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவங்களை இந்தக் குளிர்ல இப்படி வெறுங்காலோட யாருங்க கூட்டிட்டு வந்தது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம் மருமகதாங்க கூட்டிட்டு வந்துச்சு" என்றார் மாமனார். "வேலூர்ல டீச்சரா இருக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் சேரல மாமா" என்றேன், பாதிக் குரலில்.

"வர்ற திங்கட்கிழமை இல்லாட்டி அடுத்த மாசம், சேரத்தானே போற" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஆமா, என்ன பாடம்மா நீ எடுக்கறது?"

மூன்று மாதம் மறுத்தவர் அதை மட்டும் கேட்டதே இல்லை.

"பூகோளம் மாமா."

அவர் காவலரிடம் பெருமையாகத் திரும்பினார். "பூகோளம்ங்க. இந்த மலை, காடு, வழி எல்லாம் சொல்லித் தர்ற பாடம்."

காவலர் என் நோட்டை, நீலம் பாரித்த என் கால் விரல்களை, கடிகாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப பசங்க பாவம்ங்க" என்றார்.

முதலில் சிரித்தது மாமனார்தான். பிறகு என் கணவர், மாமியார், பாஷா பாய். கடைசியில், வேறு வழியில்லாமல், நானும்.

ஜனவரியில் சேர்ந்தேன். மாமனார் இருந்தவரைக்கும், காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பத்திரம் என்றோ பார்த்துப் போ என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. கடைச் சாவியைத் தேடிக்கொண்டே, "போய்ட்டு வாம்மா, பசங்க பாவம்" என்பார். அவர் போனபின் ஒரு வாரம் வாசலில் எந்தச் சத்தமும் இல்லாமல் கிளம்பினேன். எட்டாம் நாள், பல் துலக்கிக்கொண்டே என் மகள் சொன்னாள், "பசங்க பாவம்மா, சீக்கிரம் போ." அன்றைக்குப் போளூர் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன்.