கழலாத யாளிக் கடகம்

கடகம் கழலவே இல்லை.

ஹக்மதானா நகரத்து ஆளுநர் மாளிகையில் பரிசுத் தட்டு ஏந்துகிறவன் வஹூகா. மன்னர் அனுப்பிய தங்கக் கடகத்தைத் துடைத்து மெருகேற்ற வீட்டுக்குக் கொண்டுவந்தவன், ஆசை தாங்காமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தான். கொம்பும் அலகுமாகச் சிறகு விரித்த இரண்டு யாளிகள் அவன் கையைக் கவ்விக்கொண்டன. மாலை விருந்தில் அது தளபதி பகபிக்னாவின் கைக்குப் போயாக வேண்டும்.

"மன்னர் பரிசை வேற ஒருத்தன் போட்டா கையையே வெட்டிருவாங்கடி!"

"வெட்டினா தன்னால கழண்டுரும்," என்றாள் அவன் மனைவி பர்மிஸ். "புலம்பாம கையை நீட்டுங்க. கழட்டாம விடப்போறதில்ல நான்."

நல்லெண்ணெய் ஊற்றித் திருகினாள். கடகம் வழுக்கியது, ஆனால் மேலே ஏறி இறுகிக்கொண்டது. ஆட்டு வால்கொழுப்பைத் தடவி, அவன் விலாவில் காலை ஊன்றி இழுத்தாள். கை வீங்கியது. அல்வந்து மலைப் பனியில் கையைப் புதைத்தாள். விரல்கள் மரத்ததுதான் மிச்சம்.

பர்மிஸ் அசரவில்லை. யாளியின் கழுத்தில் கயிறு கட்டி, மறுமுனையைக் கழுதையிடம் ஒப்படைத்து, ஓங்கி ஒன்று வைத்தாள். கழுதை ஓடியது. வஹூகாவும் கூடவே தெருக்கோடி வரை ஓடினான். திரும்பி வந்தபோது ஒரு யாளியின் சிறகு நெளிந்திருந்தது.

"சரி, போய் உண்மையைச் சொல்லிருவோம். நானும் வரேன்."

"என் கை போறதை வேடிக்கை பாக்கவா?"

"போக விடாம சண்டை போட!"

விருந்தில் தளபதி சாவு வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். வஹூகா வெறும் தட்டைக் கீழே வைத்து, சட்டைக் கையை உயர்த்திக் காட்டி, காலில் விழுந்தான்.

"ஆசை கண்ணை மறைச்சிருச்சு ஐயா!"

ஆளுநரின் கை வாளுக்குப் போனது. பர்மிஸ் குறுக்கே பாய்ந்தாள். அவளுக்கும் முன்னால் பாய்ந்தவர் தளபதி!

"ஐயோ, அவனை ஒண்ணும் பண்ணாதீங்க! எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க! நீயே வெச்சுக்கோ தம்பி, மனசாரக் கொடுத்துட்டேன்!"

பரிசுக்குரியவரே கொடுத்துவிட்ட பிறகு ஆளுநர் என்ன சொல்வார்? தளபதி ஆட்டுத்தொடையை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிடத் தொடங்கினார்.

வஹூகாவும் பர்மிஸும் தலை நிமிர்ந்து வாசலுக்கு வந்தார்கள். அங்கே அரண்மனைக் குதிரைவீரன் ஒருவன், சேணம் பூட்டிய இன்னொரு குதிரையோடு காத்திருந்தான். கடகத்தைக் கண்டதும் குனிந்து வணங்கினான்.

"ஏறுங்க தளபதி. இந்தக் கடகம் யார் கையில இருக்கோ, அவரை எல்லையில சகர் படையோட நடக்கற சண்டைக்கு முன்வரிசையில கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மன்னர் உத்தரவு."